வாசல் எந்தப் பக்கம்

சீடருக்கு வயது அறுபத்திரண்டு. குருவுக்கு முப்பத்தொன்று.

சீடர் ஆசீர்வாதம், ரயில் என்ஜின் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருடைய ஒரே மகன் ஜெரோம், ராக் இசைக்குழு ஒன்றில் கிடார் வாசித்தான். கிடாரா, வீடா என்று அப்பா கேட்ட அன்று கிடாரை எடுத்துக்கொண்டு கிளம்பியவன், ஆறு வருடம் வீட்டுப் பக்கம் வரவில்லை. பெங்களூரில் ஓர் இரவு விடுதியில் அவன் வாசித்துக்கொண்டிருந்தபோது, மேடையில் கொளுத்திய மத்தாப்பின் பொறி கூரையில் பட்டுப் பற்றிக்கொண்டது. பத்தொன்பது பேர் இறந்தார்கள். ஜெரோமும் ஒருவன்.

குரு பெனிட்டா, அதே குழுவில் பேஸ் கிடார் வாசித்தவள். பிழைத்தவள். இப்போது பெரம்பூரில் ஒரு மாடி அறையில் கிடார் சொல்லிக்கொடுக்கிறாள்.

ஜெரோமுக்கான முப்பதாம் நாள் திருப்பலி முடிந்த மறுவாரம் ஆசீர்வாதம் அவளைத் தேடி வந்தார்.

"எனக்கும் கத்துக்கொடுங்க டீச்சர்."

ஏன் என்று அவள் கேட்கவில்லை.

நான்கு மாதம், சனிக்கிழமை தவறாமல் வந்தார். விரல் நுனிகள் காய்த்துப்போயின. மகனைப் பற்றி அவர் வாயே திறந்ததில்லை. ஒரு நாள் காலை, வாசித்துக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார்.

"கிடாரை எடுக்க உள்ளே திரும்பிப் போனான்னு பேப்பர்ல போட்டிருந்தாங்க."

"நானும் படிச்சேன்."

"எங்களை விட்டுட்டு அதைத்தான் எடுத்துக்கிட்டுப் போனான். அங்கேயும் அதுதான் பெருசாப் போச்சு. உயிரைவிட அதுல என்ன இருக்குன்னு பார்க்கத்தான் வந்தேன். எனக்கு ஒண்ணும் புரியலை டீச்சர்."

பெனிட்டா எழுந்து தன் துப்பட்டாவால் அவர் கண்ணைக் கட்டினாள். தோளைப் பிடித்து மூன்று சுற்றுச் சுற்றிவிட்டாள். ஸ்பீக்கரில் காது அடைக்கிற இரைச்சலை வைத்தாள்.

"வெளியே போங்க அங்கிள்."

முழங்கால் நாற்காலியில் இடித்தது. அலமாரி வழிமறித்தது. சுவரைத் தடவிக்கொண்டே போனார். மூச்சு வாங்கியது. கையில் மரச்சட்டம் தட்டுப்பட்டதும் வேகமாகத் தள்ளினார். ஜன்னல்.

அவள் இரைச்சலை நிறுத்தினாள்.

"இந்த ரூமுக்கு எத்தனை மாசமா வர்றீங்க?"

"நாலு மாசமா."

"நாங்க அந்த ஹாலுக்குள்ள போய் ஒரு மணி நேரம்கூட ஆகலை. கரண்ட் போயிடுச்சு. ஒரே புகை."

அவர் ஜன்னல் கம்பியை விடவில்லை.

"அப்போ கிடாரு?"

"கூரை பத்திக்கிட்டதுமே கழட்டிக் கீழே போட்டுட்டான். நான் பக்கத்துலதான் நின்னேன். மறுநாள் அது மேடையிலேயே கிடந்துச்சு. அவன் கிடந்தது பாத்ரூம் பக்கத்துச் சுவர்கிட்ட."

"அங்கே எதுக்குப் போனான்?"

"வாசல்னு நினைச்சிருப்பான்."

ஆசீர்வாதம் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டார். துப்பட்டா நனைந்தது. கண்கட்டை அவிழ்க்காமலே கேட்டார்.

"உங்களுக்கு எப்படி வாசல் தெரிஞ்சுது?"

"தெரியலை அங்கிள். யாரோ ஒருத்தர் சட்டை கையில பட்டுச்சு. இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன். அது யாருன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது."

"ஜெரோம்?"

"இன்னொரு கையைப் பின்னால நீட்டிக்கிட்டேதான் வந்தேன். யாரும் பிடிக்கலை."