வெள்ளைப் பாறைமேல் ஒரு சாண் மண்

செம்மண் குன்றில் பிறந்து வளர்ந்த ஒரு பெருச்சாளி தன் மனைவியோடு ஆற்றோரத் தாழ்நிலத்துக்குக் குடிவந்தது. குன்றில் அவற்றின் வளைக்குள் ஒரு சாரைப்பாம்பு புகுந்துவிட்டது. பாம்போடு வழக்காடி வளையை மீட்ட பெருச்சாளி எந்த வனத்திலும் கிடையாது. அதனால் இரண்டும் பேசாமல் கிளம்பிவிட்டன.

கணவன் பெயர் கூர்நகன். மனைவி பெயர் சிறுசெவி. அவளுக்குக் குட்டி போடும் காலம் நெருங்கியிருந்தது. மழைக்காலமும் நெருங்கியிருந்தது. இரண்டில் எது முந்தும் என்பது யாருக்கும் தெரியாது. அதற்குள் ஒரு வீடு வேண்டும்.

கூர்நகன் தோண்டத் தொடங்கினான். குன்றுப் பெருச்சாளிகளுக்குக் குலவழக்கம் ஒன்றே ஒன்றுதான். வளைக்குள் ஈரமா? இன்னும் ஆழமாகத் தோண்டு. வெயிலா? இன்னும் ஆழமாகத் தோண்டு. பாம்பா? இன்னும் ஆழமாகத் தோண்டு. பாம்பு விஷயத்தில் இந்த வழக்கம் பலன் தரவில்லை. ஆனால் பலனைப் பார்த்துக் குலவழக்கத்தை மாற்றியவர்கள் மனிதரிலேயே குறைவு.

ஒரு சாண் தோண்டியதும் நகம் கிறீச்சிட்டது. கீழே வெள்ளை வெளேரென்று சுண்ணாம்புப் பாறை. நகர்ந்து தோண்டினான். அங்கும் பாறை. மாலைக்குள் அந்த இடம் கடலை பிடுங்கிய காடு போல ஆகிவிட்டது.

"இதெல்லாம் ஒரு மண்ணா? மேலே களிமண் தோசை, கீழே தோசைக்கல்" என்றான் கூர்நகன்.

பக்கத்தில் ஒரு நண்டு களிமண் உருண்டைகளைத் தன் வளைவாயைச் சுற்றி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தது.

"மலைக்காரரே, இந்த ஊரில் கீழே போக இடமில்லை. நாங்கள் மேலேதான் போவோம்" என்றது நண்டு.

"பக்கவாட்டில் நடக்கிறவன் எனக்கு மேல் கீழ் சொல்லித் தருகிறான்" என்றான் கூர்நகன்.

நண்டு கோபிக்கவில்லை. அடுத்த உருண்டையை வைத்தது.

மறுநாள் கூர்நகன் ஒரு பாறைத்திட்டில் துளை ஒன்றைக் கண்டான். உள்ளே நீளமான குகை. குளிர்ச்சியான, காய்ந்த தரை.

"வந்து பார். தோண்டாமலே வீடு!" என்று மனைவியை அழைத்தான்.

சிறுசெவி உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்தாள். சுவர்கள் கூழாங்கல் போல வழவழவென்று இருந்தன. கூரையை அண்ணாந்து பார்த்தாள். பாறை இடுக்குகளில் நாணல் சருகு செருகிக் கிடந்தது.

"ஏங்க, இந்தச் சருகைக் கூரையில் யார் செருகியது?"

"காற்றாக இருக்கும்."

"காற்று இவ்வளவு தூரம் உள்ளே வந்து, பொறுமையாக இடுக்கு பார்த்துச் செருகிவிட்டுப் போனதா? வெள்ளம் வடிந்தபின் ஆற்றோர மரக்கிளையில்தான் இப்படிச் சருகு தொங்கும்."

"மரம் வெளியே நிற்கிறது. நாம் பாறைக்குள் இருக்கிறோம். வெள்ளம் பாறையைத் துளைத்துக்கொண்டா வரும்?"

 எப்படி வரும் என்று தனக்கும் தெரியவில்லை என்பதை ஒப்புக்கொண்டாள். குட்டிகளை இங்கே ஈனுவதில்லை என்ற முடிவை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை.

"அப்படியானால் நீ வெளியே இரு. நான் உள்ளே இருக்கிறேன்" என்று கூர்நகன் குகையிலேயே படுத்துக்கொண்டான்.

சிறுசெவி சற்றே உயர்ந்திருந்த இடமாகப் பார்த்து, மண்ணைக் குவித்து மேடு கட்ட முனைந்தாள். அந்தக் களிமண் லேசுப்பட்டதல்ல. வெயிலில் ஓடு போல இறுகி நகத்தை வழுக்கியது. முதல் தூறல் விழுந்ததும் குழைந்து, அவள் கால்களைக் கட்டி கட்டியாகக் கவ்விக்கொண்டது. காய்ந்தாலும் வேலை நடக்காது, நனைந்தாலும் நடக்காது. இரண்டுக்கும் நடுவே ஒரு பதம் இருந்தாக வேண்டும் என்று அவள் காத்திருந்தாள். ஒரு பகல் வெயில் அடித்தது. மண்ணைக் கிள்ளி உருட்டிப் பார்த்தாள். உருண்டை உதிரவும் இல்லை, ஒட்டவும் இல்லை.

அந்தப் பதம் நீடிக்காது என்று அவளுக்குத் தெரியும். நிறைவயிற்றோடு மண்ணைக் குவித்தாள், மிதித்தாள், நெஞ்சால் அழுத்தினாள். உச்சிக்குக் கீழே ஓர் அறை குடைந்தாள். மழை உள்ளே ஓடிவராதபடி வாசலைக் கீழ்நோக்கிச் சரித்து வைத்தாள். குன்றில் அவள் பாட்டன் காலத்திலிருந்து யாரும் செய்யாத வேலை அது.

நண்டு வந்து ஒரு சுற்றுச் சுற்றியது.

"நன்றாகத்தான் இருக்கிறது, அம்மா. வாசல்தான் கொஞ்சம் கோணல்."

"கோணலைப் பற்றி நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்றாள் சிறுசெவி.

குட்டிகளே முந்திக்கொண்டன. நான்கு பிறந்தன. மழை பின்னாலேயே வந்தது.

தண்ணீர் மண்ணுக்குள் இறங்கவே இல்லை. தாழ்நிலம் முழுவதும் தட்டில் வார்த்தது போல நின்றது. மேட்டின் சுவரில் ஈரம் ஏறியது. கடைசிக் குட்டி நடுங்கத் தொடங்கியது.

கூர்நகன் நீந்தி வந்து எட்டிப் பார்த்தான்.

"என் குகையில் ஒரு சொட்டு ஈரமில்லை. மேலே நிற்கிற தண்ணீர் மேலேயே நிற்கிறது. பாறைக்குக் களிமண்ணே மூடி. உன் பிடிவாதத்துக்கு இந்தப் பிள்ளை சாக வேண்டுமா?"

அந்தக் கேள்வி அவளைச் சுட்டது. சிறுசெவி நடுங்கும் குட்டியை வாயில் கவ்விக்கொண்டு அவன் பின்னால் போனாள். குகை வாசலில் நின்றாள்.

மழை நேராகக் கொட்டியது. ஓர் இலைகூட அசையவில்லை. ஆனால் குகை வாசலில் இருந்த புல் மட்டும் வெளிப்பக்கமாகச் சாய்ந்து படபடத்தது. உள்ளேயிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. அதோடு குடத்தில் தண்ணீர் மொள்ளும்போது கேட்பது போன்ற ஒரு முனகல்.

குட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பேசினாள்.

"குடம் நிறைந்தால் உள்ளே இருக்கும் காற்று எங்கே போகும்?"

"வாய்வழியாக வெளியே போகும். இப்போது எதற்குக் குடக்கதை?"

"உங்கள் குகை நிறைகிறது. தண்ணீர் மேலிருந்து வரவில்லை. ஆறு பாறைக்குள் புகுந்து அடியிலிருந்து ஏறுகிறது. சருகைக் கூரையில் செருகியது அதுதான். வாருங்கள், போய்விடலாம்."

"தரை காய்ந்திருக்கிறது. காட்டுகிறேன், பார்" என்று கூர்நகன் உள்ளே போனான்.

சிறுசெவி காத்திருக்கவில்லை. குட்டியைக் கவ்விக்கொண்டு திரும்பினாள். அவள் மேட்டை அடைவதற்குள் குகை ஒரு முறை விக்கியது. வெள்ளம் துளைவழியாகப் பீறிட்டது. தலையில் நாணல் சருகோடு கூர்நகன் வெளியே வந்து விழுந்தான்.

நீந்திக்கொண்டே மேட்டு வாசலுக்கு வந்தான். உள்ளே வரத் துணிவில்லை.

"வரலாமா?"

"வாருங்கள். வாசல் கோணல். தலை பத்திரம்" என்றாள் சிறுசெவி.

கூர்நகன் உடம்பை உதறிவிட்டு உள்ளே வந்தான். நடுங்கும் குட்டியைப் பார்த்தான். ஈரச் சுவருக்கும் குட்டிகளுக்கும் நடுவே தன் அகன்ற முதுகைக் கொடுத்துப் படுத்துக்கொண்டான். மழை விடும்வரை அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கடைசிக் குட்டியின் நடுக்கம் நின்றது. தோற்ற பின்பு இவ்வளவு அழகாக நடந்துகொண்டவனை மன்னிப்பது சிறுசெவிக்குக் கடினமாக இல்லை.

ஓரிடத்தில் பழகிய திறமை மற்றோர் இடத்திலும் செல்லும் என்று நம்பி இருப்பவரைவிட, வந்த இடத்தின் இயல்பைக் கண்டறிந்து நடப்பவரே தம்மையும் தம்மைச் சேர்ந்தவரையும் காப்பார்.