மூன்றாம் நாள் விருந்தாளி

"அக்கா, இன்னைக்கு மூணாம் நாள்."

பெர்சியாள் சாயத் தொட்டியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. கம்பளி நூலைக் கோலால் அமுக்கிக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு மூணாம் நாள், தம்பி?"

"போதகர் வந்து. பொழுது சாயறதுக்குள்ள அவர் கிளம்பியாகணும்."

"காய்ச்சல்ல கிடக்காரே."

"பிலேத்துகூட வயித்துவலின்னுதான் சொன்னான்," என்றான் தீமோன்.

பெர்சியாள் கோலை நிறுத்தினாள். அந்தப் பெயரை அந்த வீட்டில் யாரும் சும்மா எடுப்பதில்லை.

வயதில் தீமோன்தான் மூத்தவன். சுங்கச்சாவடியில் அதிகாரியாக இருந்தவன். அவள் ஒரு காலத்தில் அடிமை. ஆனால் சிரியா நாட்டின் அந்த மலையடி ஊரில் முதலில் ஞானஸ்நானம் பெற்றவள் அவள்தான். அதனால் அவள் அக்கா, அவன் தம்பி.

ஊரார் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். சிரிக்கட்டும். தீமோன் சொல்லும் ஜெபம் அவள் சொல்லிக்கொடுத்தது. மனதில் எது குடைந்தாலும் அவளிடம்தான் வந்து நிற்பான்.

சபைக்கு அப்போது கோயில் கிடையாது. வாரத்தின் முதல் நாளில் அவளுடைய சாயப்பட்டறையில்தான் கூடுவார்கள். தொட்டிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு அப்பம் பிட்பார்கள். கை முழுக்க நீலக் கறையோடு அவள் கொடுப்பாள்.

அவர்களிடம் ஒரு விதி இருந்தது. ஊர் ஊராக நடந்து போதிக்கிறவர் வந்தால் ஒரு நாள் இடம் கொடுக்கலாம். அவசியமென்றால் இன்னொரு நாள். மூன்றாம் நாளும் அவர் அசையாமல் இருந்தால் அவர் கள்ளத் தீர்க்கதரிசி.

கறாரான விதிதான். ஆனால் அது ஒன்றும் சும்மா வந்துவிடவில்லை.

முந்திய ஆண்டு பிலேத்து வந்தான். காலெல்லாம் புழுதி, கண்ணெல்லாம் நீர். அவனை ஊர் வாசலில் பார்த்துக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தவன் தீமோன். "இவருக்கு நான் பொறுப்பு" என்று சபை நடுவே சொன்னவனும் அவனே.

கிளம்புகிற பேச்சு வந்தால் பிலேத்துக்கு வயிறு வலிக்கும். சாப்பாட்டு நேரத்தில் தானாகச் சரியாகிவிடும். நடுநடுவே பரிசுத்த ஆவி அவன்மேல் இறங்கும். இறங்குகிற ஆவி ஒவ்வொரு முறையும் பொரித்த ஆட்டுக்குட்டியே கேட்கும்.

பனிக்காலம் தொடங்கும்போது அவனைக் காணவில்லை. விதவைகளுக்கென்று எடுத்து வைத்திருந்த கம்பளிப் போர்வைகளையும் காணவில்லை. தீமோனின் கோவேறு கழுதையும் போயிருந்தது.

கழுதை போனால் போகட்டும். அந்தக் குளிரில் போர்வை இல்லாமல் லோவிசாள் என்ற விதவை செத்துப்போனாள். இறுகிக் கிடந்த தரையைக் கொத்தி அவளுக்குக் குழி வெட்டியவன் தீமோன்தான்.

அதற்குப் பிறகுதான் சபை அந்த விதியை வைத்தது. அப்பம் பிட்குமுன் எல்லாரும் அதை ஒருமுறை சொல்ல வேண்டும் என்று அவன் கேட்டுக்கொண்டான். சொல்லும்போது அவன் குரல்தான் உரக்கக் கேட்கும்.

இப்போது வந்திருப்பவர் பெயர் யூஸ்து. வயதானவர். முதல் நாள் மாலை எழுந்து நின்று பேசினார். போதனை சுமார்தான். பாதியில் இருமல் வந்து உட்கார்ந்தவர், பிறகு எழுந்திருக்கவே இல்லை.

பெர்சியாள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போனாள். தீமோனும் பின்னால் போனான். அடுப்போரம் சுருண்டு கிடந்தார் யூஸ்து. அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"கொதிக்குது."

"அடுப்புப் பக்கத்துல படுத்தா யார் நெத்தியும் கொதிக்கும்."

அவள் சிரித்துவிட்டாள். "அதுவும் சரிதான்."

"நிஜமா, நடிப்பான்னு உங்களுக்குத் தெரியுதா அக்கா?"

"தெரியல."

"எனக்கும் தெரியல. பிலேத்து நல்லவன்னு மட்டும் அன்னைக்கு எனக்கு நல்லாத் தெரிஞ்சுது." என்றான் தீமோன். "அதான் இப்பல்லாம் நான் என்னை நம்பறதில்ல. விதியை நம்பறேன். இன்னொரு லோவிசாளுக்கு என்னால குழி வெட்ட முடியாது."

வெளியே மழை ஆலங்கட்டியோடு கொட்டியது. மலைப்பாதை தெரியவில்லை.

"இந்த மழையில அனுப்பினா இவர் செத்துடுவாரு," என்றாள்.

"காய்ச்சல் நிஜமா இருந்தா."

"நிஜமா இருந்தா அந்தக் குழியையும் நீதான் வெட்டணும்."

தீமோன் தலையைக் குனிந்துகொண்டான். ஆனாலும் பிடிவாதமாகக் கேட்டான்.

"விதி என்ன சொல்லுது அக்கா? நீங்க சொல்லிக் கொடுத்ததுதானே?"

"விருந்தாளி மூணாம் நாள் வீட்டுல தங்கக் கூடாதுன்னு சொல்லுது."

"அப்ப?"

"தங்க மாட்டாங்க. பொழுது சாயறதுக்குள்ள இந்த வீட்டு விருந்தாளி கிளம்பியாச்சுன்னு வச்சுக்கோ. போதுமா?"

"போதும்," என்றான்.

கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒவ்வொரு முறை இடி இடித்தபோதும் அந்தக் கிழவர் இப்போது எந்த வளைவில் நடந்துகொண்டிருப்பார் என்று நினைத்தான். தன்மேலேயே எரிச்சலாக வந்தது.

பொழுது சாயும் நேரத்தில் கதவு தட்டும் சத்தம் கேட்டது.

திறந்தான். பெர்சியாள் நின்றாள். முக்காடு நனைந்து முகத்தோடு ஒட்டியிருந்தது. ஒரு கையில் தடி. தோளில் பெரிய மூட்டை.

"ஐயா, நான் வழிப்போக்கி. ரெண்டு நாள் தங்க இடம் கிடைக்குமா?"

"அக்கா! என்ன இது?"

"வீட்டை அவருக்குக் கொடுத்துட்டேன். தொட்டி, அடுப்பு, கூரை எல்லாம். 'இது உங்க வீடு'ன்னு காதுல சொன்னேன். தலையாட்டினாரு. அப்புறம் அங்க விருந்தாளி நான்தானே? அதான் பொழுது சாயறதுக்குள்ள கிளம்பிட்டேன்."

"இது விதியை ஏமாத்தற வேலை."

"எங்க ஏமாத்தறேன்னு காட்டு. இப்பவே திரும்பிப் போறேன்."

எத்தனையோ வியாபாரிகளின் மூட்டையைப் பிரித்துப் பார்த்தவன் தீமோன். அவள் சொன்னதையும் நாலா பக்கமும் தட்டிப் பார்த்தான். கள்ளச் சரக்கு எதுவும் அகப்படவில்லை.

வழிவிட்டான். அவளை அடுப்பருகே உட்காரவைத்துச் சூடாகக் கஞ்சி கொடுத்தான்.

"அவர் கள்ளனா இருந்து எல்லாத்தையும் வாரிக்கிட்டுப் போயிட்டா?"

"அவர் வீட்டுச் சாமான். அவர் எடுத்துட்டுப் போறாரு."

"உங்க பிழைப்பு?"

"போயிடும்."

சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் கஞ்சிக் கிண்ணத்தைக் குடிக்காமல் கீழே வைத்தாள். அடிமையாக இருந்து விடுதலையானவளுக்கு அந்தப் பட்டறை எத்தனை வருட உழைப்பு என்று அவனுக்குத் தெரியும்.

"உங்களுக்குப் பயமா இல்லையா அக்கா?"

"பயமாத்தான் இருக்கு."

அவன் கண் மூட்டைமேல் போனது. "இதுல என்ன?"

"பிரிச்சுப் பாரு."

பிரித்தான். கம்பளிப் போர்வைகள். இந்தப் பனிக்காலத்துக்கென்று சபை புதிதாகச் சேர்த்தவை.

"எல்லாத்தையும் அவருக்குக் கொடுத்துட்டேன்னீங்க?"

"இது விதவைங்களோடது. இதை எப்படி நான் கொடுக்க முடியும்?"

தீமோன் அந்தப் போர்வைகளை வெகுநேரம் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் காலையில் அவள் தடியை ஊன்றிக்கொண்டு தன் பழைய வீட்டுக்குப் போய், யூஸ்துவுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு வந்தாள். மாலையிலும் போனாள். நோயாளியைப் பார்க்கப் போவதை எந்த விதியும் தடுக்கவில்லை. அவளுக்கு இடது கால் கொஞ்சம் இழுக்கும். வழியெல்லாம் சேறு. ஒவ்வொரு முறையும் வாசலில் நின்று அனுமதி கேட்டுவிட்டுத்தான் உள்ளே போனாள்.

"எப்படி இருக்காரு?" என்று கேட்டான் தீமோன்.

"அப்படியேதான்."

"சாமானெல்லாம்?"

"அதுவும் அப்படியேதான்."

அவன் வெட்கப்பட்டான்.

அதற்கும் மறுநாள் விடிந்தபோது அவள் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"உன் வீட்டுல நாள் முடிஞ்சுது தம்பி. இன்னைக்கும் இருந்தா நான் கள்ளி."

"என்ன பேச்சு இது? நீங்க எங்க அக்கா!"

"பிலேத்துவையும் நீ அண்ணான்னுதானே கூப்பிட்ட?"

அவன் கதவைத் திறந்து வெளியே எட்டிப் பார்த்தான்.

"வெளியில மழை விடல," என்றான்.

"அன்னைக்கும் விடல."

"யார் வீட்டுக்குப் போவீங்க?"

"தெரியாது. யார் கதவாவது தட்டணும்."

"இருங்க அக்கா. நான் சொல்றேன், இருங்க."

அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அவனைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. களைப்பு இருந்தது.

"நீ சொன்னா இருக்கலாமா? நீதான் உன்னை நம்பறதில்லையே."

தடியை எடுத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள். கால் இழுத்தது. மழைச்சாரல் அவள் முகத்தில் அடித்தது.

தீமோன் முன்னால் போய் நின்றான். அவள் கையிலிருந்து பாயை வாங்கினான். அதைக் கொண்டுபோய் அடுப்புக்குப் பக்கத்தில் விரித்தான். போர்வைகளை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை அவள் கையில் கொடுத்தான்.

பிறகு தன் மேலங்கியை எடுத்துப் போட்டுக்கொண்டான்.

"நீ எங்க கிளம்பிட்ட?" என்று கேட்டாள்.

"இது உங்க வீடு அக்கா," என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கினான்.

சாயப்பட்டறைக் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. எத்தனையோ தடவை தள்ளித் திறந்துகொண்டு உள்ளே போன கதவுதான். இன்று அவனால் தள்ள முடியவில்லை. தட்டினான்.

உள்ளே இருமல். தடி ஒன்று தரையில் விழுந்து உருண்டது. கிழவர் எழுந்து வரப் பார்க்கிறார் என்று தெரிந்தது.

"யாரு?"

மழை பிடரியில் ஊற்றிக்கொண்டிருந்தது.

"வழிப்போக்கன் ஐயா. ரெண்டு நாள் தங்க இடம் கிடைக்குமா?"

"நனையாம உள்ள வாப்பா," என்றது கிழவரின் குரல். "எத்தனை நாள் வேணும்னாலும் இரு."