கடுகக்கா போட்ட சட்டம்

அந்தக் காலத்தில், எறும்புகள் ஓயாமல் வாயடித்துக்கொண்டு திரிந்தபோது, ஒரு பூவரச மரத்தடியில் எறும்புப் புற்று ஒன்று இருந்தது. அதன் வாசலில் காவல் இருந்தவள் கடுகக்கா. பெயரைச் சொன்னால் போதும், உள்ளே எங்கு வேண்டுமானாலும் போகலாம், முட்டைகள் இருக்கும் கடைசி அறைவரைக்கும்.

அந்த முட்டைகளைக் கவனித்துக்கொண்டவள் மிளகி. முட்டைகள் என்றால் அவளுக்கு உயிர். ஆனால் வெல்லத்தைக் கண்டால் உயிரே மறந்துவிடும். ஒருநாள் வெல்லப் பானைக்குள் இறங்கினாள், யாரோ மூடியைப் போட்டுவிட்டார்கள். மூன்று மாதம் உள்ளேயே கிடந்தாள். பட்டினி கிடந்தாளோ என்று யாரும் வருந்த வேண்டாம்.

இதற்கிடையே, எறும்புகளின் அரட்டையில் பெயர்களைக் கேட்டுவைத்த ஒரு சிலந்தி, முன்னங்கால் இரண்டையும் எறும்பின் கொம்பு மாதிரித் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு புற்றுக்கு வந்தது. "நான்தான் மிளகி" என்றது. கடுகக்கா வழிவிட்டாள். பன்னிரண்டு முட்டைகளை விழுங்கிவிட்டு அது நழுவிப் போனது. கடுகக்கா அழுது தீர்த்தாள். அன்றே ஒரு சட்டம் போட்டாள். ரொம்ப நாள் வராதவர்கள் வந்தால் அவர்களுக்கு வாசல் அறை மட்டும்தான்.

மூடி திறந்த அன்று மிளகி மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"உட்காரு, சாப்பிடு, தூங்கு. முட்டை அறைப் பக்கம் மட்டும் போகாதே" என்றாள் கடுகக்கா.

"என்னக்கா இது, என் வீட்டுல நானே விருந்தாளியா?"

"எங்க மிளகி ஒல்லியா இருப்பா. நீ அவதான்னு நான் எப்படி நம்புறது?"

பன்னிரண்டு முட்டைகள் போன கதையைக் கேட்டதும் மிளகி சண்டையை விட்டாள். வாசல் அறை மூலையில் போய் உட்கார்ந்தாள்.

மூன்றாம் நாள் அதே சிலந்தி மறுபடி வந்தது. "நான் எள்ளம்மா. போன மழையில அடிச்சிட்டுப் போனவ" என்றது.

"வாசல் அறை" என்றாள் கடுகக்கா.

எள்ளம்மா மிளகியின் உயிர்த்தோழி. மிளகி துள்ளி எழுந்து போய், ஆசையாகத் தன் கொம்புகளால் அந்தக் கொம்புகளைத் தடவினாள். அவை விறைத்துக்கொண்டு நின்றன.

"அக்கா! இது கொம்பு இல்ல, காலு! நம்ம வீட்டு வாசமே இல்ல!"

புற்றே திரண்டு வந்து கடித்தது. சிலந்தி விழுந்தடித்து ஓடியது. ஒரு முட்டைகூடப் போகவில்லை.

கடுகக்கா மெல்லக் குனிந்து மிளகியின் கொம்புகளைத் தொட்டாள். வெல்ல வாசத்துக்கு அடியில் புற்றின் வாசம் இருந்தது.

"போடி உள்ளே" என்றாள்.

"நீ மறிக்கலேன்னா அது இந்நேரம் முட்டைகிட்ட போயிருக்கும்க்கா" என்று சிரித்தபடியே மிளகி ஓடினாள்.

அன்று முதல்தான், எதிரெதிரே வரும் எறும்புகள் நின்று, கொம்போடு கொம்பு தொட்டுப் பார்த்துவிட்டுப் போகின்றன. அதே சட்டப்படிதான், மாதக்கணக்கில் நாம் எட்டிப் பார்க்காத இணையக் கணக்கும், திடீரென்று போய் நின்றால், நம்மை வாசல் அறையில் உட்கார வைத்து, "நீங்கள்தானா? எங்கே, விரலை வைத்துக் காட்டுங்கள்" என்கிறது.