பூஜ்யம் நம்பர் மதகு

ஒரு ஊர்ல ஒரு ஏரி. அந்த ஏரிக்கு அஞ்சு மதகு. மதகுன்னா தண்ணி வெளிய போற கதவு. "ம்" போடு யாழி, இல்லன்னா சித்தி எந்திரிச்சு மிச்ச வேலயப் பாக்கப் போயிருவேன். ஆங், அப்படி.

அந்த வருஷந்தான் மதகுக்கெல்லாம் புதுசா மோட்டார் மாட்டி, கம்ப்யூட்டர்ல இணைச்சாங்க. கையால சுத்துற பழைய சக்கரத்தக் கழட்டிப் போட்டுட்டாங்க, மகா புத்திசாலிங்க. கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதுறது செங்கமலம். அப்போ பாத்துப் புடிச்சுது மழை. சோன்னு கொட்டுது. ஏரி தளும்புது. மதகத் தெறந்தா தண்ணி வாய்க்கால்ல போயிரும், தெறக்கலன்னா கரை ஒடைஞ்சிரும். மொத மதகுக்கு நேர் கீழதான் செங்கமலம் வீடு. உள்ள அவ பாப்பா மாமியார்கிட்டத் தூங்குது. ரோடெல்லாம் தண்ணி, ஆபீஸ்ல இருக்கிற செங்கமலம் போயித் தூக்கிட்டு வர வழியில்ல.

அப்புறம்? அஞ்சு மதகுக்கும் அஞ்சு பேரு வச்சு, தனித்தனியா அஞ்சு கட்டளை எழுதினா. அவசரத்துல ஒரு பேரு மாறிப் போச்சு. ஒண்ணு தப்புன்னாலும் கம்ப்யூட்டர் மொத்தத்தையும் தள்ளிரும். டொய்ங். ஒண்ணும் தெறக்கல.

"எதுக்கு அஞ்சு பேரு?"ன்னு ரெண்டாவது தடவை 'மதகு'ன்னு ஒரு அரே போட்டா. அரேன்னா ரயில் பெட்டி மாதிரி வரிசையா ஒட்டிக்கிட்டு நிக்கிற அறைங்க. அறைக்கு ஒரு மதகு. பேரு ஒண்ணுதான், அறைக்கு அறை நம்பரு. ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் தெறன்னு சொன்னா. க்ர்ர்ர், தெறக்குது. க்ர்ர்ர், தெறக்குது. நாலு தெறந்துச்சு. அப்புறம் டொய்ங். அஞ்சுன்னு ஒரு அறையே இல்லங்குது கம்ப்யூட்டர்.

தூங்கிட்டியா? "ம்"முன்னு வருதே, சரி.

அப்போ போன் வருது. கரையில நிக்கிற அவ கொழுந்தன் மாயழகு. "மதினி, மத்த நாலும் தெறந்துருச்சு. மொத மதகு மட்டும் அசையல. கரை கரைஞ்சு விழுது."

"நீங்க எங்க நிக்கிறீங்க?"

"ஒண்ணத்தையும் தாண்டல மதினி."

அந்தக் கரையில நடக்கிறவங்க எப்பவும் அப்படித்தான் சொல்வாங்க, எத்தன மதகு தாண்டியாச்சுன்னு. மொத மதகுல நின்னா எதையும் தாண்டல, பூஜ்யம். செங்கமலத்துக்குப் பொறி தட்டுச்சு. கம்ப்யூட்டரும் அப்படித்தான எண்ணுது. மொத அறைக்குப் போக எதையும் தாண்ட வேணாம், அதனால அது பூஜ்யம். கடைசி அறைக்கு நாலத் தாண்டணும், அதனால அது நாலு. மூணாவது தடவை அடிச்சா பாரு, பூஜ்யத்துல இருந்து நாலு வரைக்கும்.

க்ர்ர்ர்ர்ர். மொத மதகு தெறந்துச்சு. ஹோன்னு பாஞ்சு வாய்க்கால்ல விழுந்துச்சு தண்ணி. "எறங்குது மதினி, எறங்குது"ன்னு அழுதுட்டான் மாயழகு.

ரோட்டுல முழங்கால் தண்ணி வத்தினதும் செங்கமலம் ஓட்டமா ஓடி வீட்டுக் கதவத் தள்ளினா. பாப்பாவா? வாயில வெரல வச்சுக்கிட்டு, ஒரு சொட்டு நனையாம, கொர் கொர்ருன்னு தூங்குது.

ஏரி வடிஞ்சுது, கதையும் வடிஞ்சுது. கண்ண மூடு, தங்கம்.