பன்னிரண்டு குறட்டை

வெண்குன்றத்து ராஜா குமரபூபதிக்குப் பசி வந்தால் கோபம் வரும். கோபம் வந்தால் பசி மறந்துவிடும். அப்புறம் கோபம் மட்டும் தனியாக உட்கார்ந்து வளரும். அப்படிப்பட்ட ஒரு உச்சிவேளையில்தான் செங்கமலம் கோலைத் தட்டிக்கொண்டு அரசவைக்குள் வந்தாள்.

செங்கமலத்துக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. பார்வையற்றவர்களுக்குச் சோறும் இடமும் கொடுக்கும் கண்ணில்லார் சாலையில் மூன்று வருஷமாக இருக்கிறாள். சாலையை நடத்துவது ஊர்ப் பெரிய மனிதர்கள் ஐந்து பேர் சேர்ந்த தர்மசபை. நூறு பேரை வைத்துக் காப்பாற்றுகிறோம் என்று பட்டியல் எழுதிக் கொடுத்து, அரண்மனைக் களஞ்சியத்திலிருந்து தினம் நூறு படி அரிசி வாங்கிக்கொண்டிருந்தது அந்தச் சபை. மானியத்துக்குச் சிபாரிசு செய்தவர் மந்திரி தாண்டவராயர். ஆகவே அவள் வாயைத் திறந்ததுமே அவர் ஆசனத்தின் நுனிக்கு வந்துவிட்டார்.

"ராசா, எங்க சாலையில நூறு பேருன்னு ஊரே சொல்லுது. ராத்திரி படுத்தா, என்னோடதையும் சேத்துப் பன்னெண்டு குறட்டைதான். எது யாரு குறட்டைன்னுகூட என்னால சொல்ல முடியும்."

சபைத் தலைவர் குஞ்சிதபாதம் மற்ற நால்வருடன் அங்கேதான் நின்றிருந்தார். பட்டு அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு, "மற்ற எண்பத்தெட்டுப் பேரும் குறட்டை விடாத நல்லவர்கள், மகாராஜா" என்றார்.

ராஜா காவலர்களை அனுப்பி எண்ணச் சொன்னார். பன்னிரண்டே தலைகள். அவர்களுக்கும் சோறு இல்லை, தண்ணீராய் ஒரு கஞ்சி. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று அரண்மனை அரிசி ஐந்து வீட்டுக் குதிர்களுக்குப் போயிருந்தது.

குஞ்சிதபாதம் அசரவில்லை. "தவறு நடந்திருக்கிறது. ஆனால் பட்டயத்தில் மானியம் யார் பெயரில் இருக்கிறது? சபையின் பெயரில். வாங்கியது சபை, பட்டியல் கொடுத்தது சபை. நாங்கள் வெறும் தொண்டர்கள். தாராளமாகச் சபையைத் தண்டியுங்கள்."

"சபைக்கு விலங்கு மாட்டக் கை எங்கே இருக்கிறது?"

"அதுதான் இல்லை, மகாராஜா" என்றார் குஞ்சிதபாதம், ரொம்பவும் வருத்தப்பட்டு.

"அப்படியானால் சாலையை இழுத்து மூடு."

செங்கமலம் கோலை ஓங்கித் தரையில் ஊன்றினாள். "தின்னது அவங்க, தெருவுல நிக்கறது நாங்களா? சாலையில சேர்றவங்க சொத்தெல்லாம் சாலைக்குன்னு சட்டம் பேசி, என் ஆட்டைக்கூட எழுதி வாங்கிக்கிட்டாங்களே. நான் இனிமே எங்க போவேன்?"

தாண்டவராயருக்கு வெட்கமாக இருந்தது. சபையாருடைய நெற்றித் திருநீற்றைப் பார்த்து ஏமாந்தவர் அவர்தானே.

ராஜா அவர் பக்கம் திரும்பினார். "சிபாரிசு உம்முடையது. சமையற்காரன் இலை போட்டாயிற்று என்று சொல்வதற்குள் சபைக்குக் கை கால் கண்டுபிடியும். முடியாவிட்டால் சாலையும் இல்லை, உமக்கு மந்திரி வேலையும் இல்லை."

உள்ளே ரசம் தாளிக்கிற வாசனை வந்துவிட்டது. தாண்டவராயர் அவசரமாகச் சபையாரை வரிசையாக நிறுத்தினார்.

"சாலைக் களஞ்சியப் பொறுப்பாளரே, மூட்டைகள் வெளியே போனதைப் பார்த்தீரா?"

"நான் பார்க்கவில்லை."

"பட்டியல் எழுதியவரே, நூறு ஆட்களைப் பார்த்தீரா?"

"தலைவர் சொன்ன பெயர்களை எழுதினேன். ஆளைப் பார்க்கவில்லை."

மூன்றாமவர், "கண்ணை மூடிக்கொண்டு முத்திரை வைத்தேன்" என்றார். இந்தப் பதில் நன்றாக இருக்கிறதே என்று நாலாமவரும் அதையே சொன்னார்.

"தலைவரே, நீர்?"

"என் கண்ணுக்கு எதுவுமே தெரியாது. இது என் இரண்டு கண் மேல் ஆணை."

தாண்டவராயர் ராஜாவை விழுந்து கும்பிட்டார். "மகாராஜா, மகா பாவம் செய்துவிட்டோம். பார்வையில்லாதவர்களைச் சாலையில் சேர்க்க வேண்டும் என்பது பட்டயம். மூன்று வருஷமாகப் பட்டப்பகலில் மூட்டை போவதுகூடத் தெரியாத ஐந்து பேரை வெளியே அலையவிட்டிருக்கிறோம். இன்றே சேர்த்துவிடலாம். மற்றவர்களுக்கு என்ன பாயோ அதே பாய், இவர்கள் ஏற்பாடு செய்த அதே கஞ்சி. இவர்கள் போட்ட சட்டப்படி இவர்கள் வீடு, நிலம், குதிர் எல்லாம் சாலைக்கு."

"ஐயோ, எனக்குக் கண் நன்றாகத் தெரியும்" என்றார் குஞ்சிதபாதம்.

"தெரியுமா? ரொம்ப நல்லது. அப்படியானால் பார்த்துக்கொண்டே திருடியிருக்கிறீர். அதற்கு ஆயுள் முழுக்கச் சிறை. நிதானமாக யோசித்துச் சொல்லும். கண் உண்டா, இல்லையா?"

குஞ்சிதபாதம் சிறை இருக்கும் திசையைப் பார்த்தார். சாலை இருக்கும் திசையைப் பார்த்தார். அங்கவஸ்திரத்தை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இல்லை" என்றார் ஈனக்குரலில். மற்ற நால்வரும் பின்பாட்டுப் பாடினார்கள்.

"இலை போட்டாயிற்று" என்று சமையற்காரன் வந்து நின்றான். ராஜா அன்று மூன்று தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

எட்டாம் நாள் அவர் தாண்டவராயரைக் கூட்டிக்கொண்டு சாலைக்குப் போனார். சாலைக் களஞ்சியத்தின் சாவி செங்கமலத்தின் இடுப்பில் தொங்கியது. அவளுடைய ஆடு வாசலில் குழை தின்றுகொண்டிருந்தது. பன்னிரண்டு பேருக்கும் இலையில் ஆவி பறக்கும் சோறு. ஓரத்தில் ஐந்து பேருக்கு மட்டும் பழைய அளவுக் கஞ்சி.

ராஜாவைக் கண்டதும் குஞ்சிதபாதம் கலயத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "மகாராஜா, இந்த அநியாயத்தைக் கேளுங்கள். கஞ்சியில் ஒரு பருக்கைகூடக் காணோம்."

செங்கமலம் அகப்பையை நிறுத்தினாள். "காணோம்னு எப்படிங்கய்யா தெரிஞ்சுது?"

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றித் தாண்டவராயர் கழுத்தில் போட்டார். அதை அவர் கழற்றிச் செங்கமலத்தின் கையில் வைத்தார்.

குஞ்சிதபாதம் கண்ணை மூடிக்கொண்டு கஞ்சியைக் குடித்தார்.