நூற்றுக்கு நாலு

மருத்துவமனையின் மொழிபெயர்ப்பாளர் அறைக் கதவை ஹம்சினி தட்டியபோது மணி பன்னிரண்டு. உள்ளே பிலோமினா டீச்சர் டிபன் டப்பாவைத் திறந்து வைத்து எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"எனக்கு இடம் கிடைக்குமா?"

பிலோமினா அவளை நிமிர்ந்து பார்த்தார். தூத்துக்குடியில் பிறந்தவர். நியூஜெர்சிக்கு வந்து இருபத்திரண்டு வருடமாக, தமிழ் மட்டும் தெரிந்த நோயாளிகளுக்கும் ஆங்கிலம் மட்டும் தெரிந்த டாக்டர்களுக்கும் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வருகிறவர். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குப் பாடம் எடுப்பதும் அவர்தான். அதனால் எல்லோருக்கும் டீச்சர்.

ஹம்சினிக்குப் பதினெட்டு முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. பள்ளியில் கடைசி வருடம்; டீச்சரின் மொழிபெயர்ப்பு வகுப்புக்கும் வருகிறாள். அந்த ஊரிலேயே பிறந்தவள் என்றாலும், வீட்டுக்குள் தமிழ்தான் என்று அப்பா பிடித்த பிடிவாதத்தால் தமிழ் தடங்கலில்லாமல் வரும். பட்டப்படிப்பையும் டாக்டர் படிப்பையும் சேர்த்து ஒரே மூச்சில் தருகிற கல்லூரிகள் அந்த நாட்டில் கொஞ்சம் உண்டு. பள்ளி முடித்த கையோடு உள்ளே போய்விட்டால் நடுவில் இன்னொரு வாசலில் போய் நிற்க வேண்டியதில்லை. அதனாலேயே இந்த வாசலில் கூட்டம் அதிகம். அப்படி ஒரு கல்லூரிக்கு அவள் விண்ணப்பம் எழுதி வைத்திருந்தாள். இந்தச் சுற்றில் ஒரே ஒரு இடத்துக்குத்தான் அனுப்பலாம். அன்று மாலை ஐந்து மணியோடு கெடு முடிகிறது.

"உங்க ஸ்கூல் கவுன்சலர் என்ன சொன்னாங்க?"

"ரொம்பப் போட்டியாம். கொஞ்சம் கஷ்டம்தானாம். ஆனா முயற்சி பண்ணலாமாம்."

"அப்பா?"

"கம்ப்யூட்டர் படிப்புக்கு அனுப்புங்கறார். அதுல கண்டிப்பாக் கிடைக்குமாம். நீங்க எத்தனை டாக்டரைப் பாத்திருக்கீங்க! நீங்க சொல்லுங்க டீச்சர். எனக்கு எவ்வளவு சான்ஸ்?"

பிலோமினா டப்பாவை மூடினார்.

"பன்னெண்டரைக்கு மூணாவது மாடியில ஒரு நோயாளி. நீ பேசு. நான் பக்கத்துல உக்காந்திருக்கேன்."

"நானா? வகுப்புல பேசினதோட சரி. நிஜ நோயாளிகிட்ட ஒரு தடவைகூடப் பேசினதில்லையே!"

"இன்னிக்குப் பேசிடு. விதி என்ன, சொல்லு."

"கூட்டக் கூடாது. குறைக்கக் கூடாது. மாத்தக் கூடாது."

"அப்புறம்?"

"நோயாளி 'நான்'னு சொன்னா, நானும் 'நான்'னுதான் சொல்லணும்."

"தப்பு பண்ணிட்டா?"

"அங்கேயே, அப்பவே வாய்விட்டுச் சொல்லித் திருத்தணும். அப்ப மட்டும் என்னை 'மொழிபெயர்ப்பாளர்'னு சொல்லிக்கணும்."

"வா."

நோயாளியின் பெயர் குருசாமி. சிவகாசிக்காரர். அரசுப் பேருந்தில் முப்பத்தோரு வருடம் கண்டக்டராக இருந்தவர். மகளைப் பார்க்க வந்த இடத்தில், அவள் வீட்டு மாடிப்படியில் சறுக்கி விழுந்து முதுகுத்தண்டில் அடி. மூன்று வாரமாக இடுப்புக்குக் கீழே அசைவில்லை. மகள் வேலைக்குப் போயிருந்தாள். கட்டிலின் தலைமாட்டை உயர்த்தி வைத்து, தலைமுடியைப் படிய வாரி, டாக்டருக்காகக் காத்திருந்தார்.

"இந்தப் பொண்ணா பேசப் போகுது?" என்று பிலோமினாவைக் கேட்டார். "ஸ்கூல் பாஸ் வெச்சிருக்கிற வயசு மாதிரில்ல இருக்கு."

"வெச்சிருக்கு. ஆனா நல்லாப் பேசும். கூட்டாது, குறைக்காது."

டாக்டர் வந்தார். ஐம்பது வயதிருக்கும் அமெரிக்கப் பெண்மணி. நின்றுகொண்டே பேசாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஸ்கேன் படங்களில் தெரிந்ததை விளக்கினார். ஹம்சினி ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னாள். பிறகு குருசாமி அவளைப் பார்க்காமல் டாக்டரை நேராகப் பார்த்துக் கேட்டார்.

"நான் திரும்ப நடப்பேனா?"

நான் திரும்ப நடப்பேனா என்று ஹம்சினி ஆங்கிலத்தில் கேட்டாள்.

டாக்டர் சொன்னார்: "உங்களைப் போல அடிபட்டவர்கள் நூறு பேர் என்றால், அதில் சுமார் ஐந்து பேர் திரும்ப நடக்கிறார்கள்."

ஹம்சினி குருசாமியின் முகத்தைப் பார்த்தாள். போர்வையைப் பிடித்திருந்த அவருடைய விரல்களைப் பார்த்தாள்.

"கொஞ்சம் கஷ்டம்தான். ஆனா வாய்ப்பு இருக்கு" என்றாள்.

"அப்பாடா" என்றார் குருசாமி. "வாய்ப்பு இருக்கில்ல? போதும். ஊருக்குப் போனா சரியாயிடும்."

பக்கத்தில் பிலோமினா பேனாவால் மேசையை ஒரு தட்டுத் தட்டினார். அவ்வளவுதான். முகத்தில் ஒன்றும் இல்லை.

ஹம்சினி நிமிர்ந்து உட்கார்ந்தாள். டாக்டரிடம் ஆங்கிலத்தில் சொன்னாள்: மொழிபெயர்ப்பாளர் தன் தவறைத் திருத்துகிறார். பிறகு குருசாமியிடம் திரும்பினாள்.

"ஐயா, மொழிபெயர்ப்பாளர் ஒரு தப்பைத் திருத்தறாங்க. டாக்டர் சொன்னது நான் சொன்னது இல்ல. உங்களை மாதிரி அடிபட்டவங்க நூறு பேர்ல சுமாரா அஞ்சு பேர் திரும்ப நடக்கறாங்க. அதுதான் டாக்டர் சொன்னது."

குருசாமி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். டாக்டர் காத்திருந்தார். பிலோமினா காத்திருந்தார். ஹம்சினிக்கு அந்த அறையை விட்டு ஓடிவிடலாம் போலிருந்தது.

"ஏம்மா," என்றார் குருசாமி, திரும்பாமலே. "நான் கண்டக்டரா இருந்தவன். சீட்டு இருக்கான்னு ஒருத்தன் கேட்டா உள்ளதைச் சொல்லிடணும். ஏறுங்க, பாத்துக்கலாம்னு சொல்லி ஏத்தினா, அவன் மதுரை வரைக்கும் ஒத்தைக் கால்ல நின்னுக்கிட்டு நம்மளைத் திட்டிக்கிட்டே வருவான்."

"மன்னிச்சுக்குங்க ஐயா."

"அதை டாக்டர்கிட்டயும் சொல்லு. கூட்டவோ குறைக்கவோ மாட்டேன்னுதானே உக்காந்திருக்க?"

அவள் அதையும் ஆங்கிலத்தில் சொன்னாள். மதுரை வரை சொன்னாள். டாக்டர் சிரித்துவிட்டார்.

குருசாமி இந்தப் பக்கம் திரும்பினார். கண் சிவந்திருந்தது. குரல் மட்டும் கண்டக்டர் குரலாக இருந்தது.

"சரி, கேளு. அந்த அஞ்சு பேரு யாரு யாருன்னு முன்கூட்டியே தெரியுமா?"

"தெரியாது" என்றார் டாக்டர். "நூறு பேரும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறார்கள். முதலில் நாற்காலியில் உட்காரப் பழகுவது. பிறகு கால் கட்டை விரலை அசைக்கப் பார்ப்பது. இடது காலில் இருந்து ஆரம்பிப்போம்."

"எப்ப?"

"இன்றைக்கே. இரண்டு மணிக்கு. கீழ்த்தளத்தில்."

"ஒண்ணரைக்கே அங்க இருப்பேன்னு சொல்லு."

"ஒன்றரைக்கே நான் அங்கே இருப்பேன்" என்று ஹம்சினி ஆங்கிலத்தில் சொன்னாள்.

வெளியே வந்ததும் தாழ்வாரத்துச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"பாவமா இருந்துச்சு டீச்சர்."

"யாரு மேல?"

"அவர் மேலதான்."

"அவர் கேள்வி கேட்டுட்டுப் பதிலுக்குத் தயாரா இருந்தார். உள்ளதைச் சொல்ல வாய் வராம உக்காந்திருந்தது நீதான்."

பிலோமினா பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். மேற்பார்வையில் செய்த முதல் மொழிபெயர்ப்பைப் பற்றிய அறிக்கை. மருத்துவமனை அனுபவத்துக்குச் சான்றாக ஹம்சினியின் விண்ணப்பத்தோடு சேர்த்து அனுப்ப வேண்டியது. சுவரில் வைத்தே எழுதினார். தவறுகள்: ஒன்று. தன்மை: எண்ணை மறைத்தது. திருத்தம்: உடனே செய்யப்பட்டது.

ஹம்சினி எட்டிப் பார்த்தாள்.

"அதைப் போடணுமா டீச்சர்?"

"நடந்துச்சா, இல்லையா?"

"நடந்துச்சு."

"அப்ப போடணும்." கையெழுத்துப் போட்டு நீட்டினார். "இப்ப நீ சொல்லு. கவுன்சலர் என்ன சொன்னாங்க?"

"ரொம்பப் போட்டி, கொஞ்சம்..." என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள். பிலோமினாவின் கையில் பேனா சும்மாதான் இருந்தது.

"நூறு பேர் அனுப்பினா நாலு பேருக்குக் கிடைக்கும்னாங்க."

"ம்."

"இந்த ஃபாரத்தைச் சேத்து அனுப்பினா நாலு மூணாயிடும்."

"ஆகலாம்."

"நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா?"

"அவங்க சொன்னதுல கூட்டறதுக்கோ குறைக்கறதுக்கோ நான் யாரு?"

ஹம்சினி படிவத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்பாவைக் கூப்பிட்டாள். கம்ப்யூட்டருக்கு அனுப்பவில்லை என்றாள். நூறு பேருக்கு நாலு இடம் என்று முதல் முறையாக அவரிடம் சொன்னாள்.

"இதை ஏன்டா கண்ணு இத்தனை நாள் சொல்லல?" என்றார் அப்பா.

"சொல்லப் பயமா இருந்துச்சுப்பா. இப்ப இல்ல. அனுப்பப் போறேன்."

படிவத்தைச் சுவரோடு பிடித்துப் படமெடுத்தாள். விண்ணப்பத்தில் சேர்த்தாள். முதலிலிருந்து ஒரு தடவை படித்துவிட்டு அனுப்பினாள். வந்து சேர்ந்தது என்று பதில் வந்தது. போனைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"போயிடுச்சு டீச்சர்."

"சரி."

"கிடைக்குமா?"

மணி ஒன்றரை. லிஃப்ட் கதவு திறந்தது. பிலோமினா உள்ளே போய்ப் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"நூறு பேர்ல ஒருத்தர் கீழ நாற்காலியில வந்து உக்காந்தாச்சு. அவருக்குப் பேச ஆள் வேணும். இன்னொரு நூறு பேர்ல ஒருத்தி இன்னும் மூணாவது மாடியிலயே நிக்கிறா."