மயிலாத்தா சொன்ன ஆமா

“ஆமான்னு சொன்னது அவங்க வாய்தானுங்களே அம்மா? என் வாயா?”

காலையிலிருந்து செம்மலை இதை நாலு தடவை கேட்டுவிட்டான்.

தெய்வானை கல்வத்தில் மருந்து அரைத்துக்கொண்டிருந்தாள்.

கீழே, மலைப்படி தொடங்குகிற இடத்தில், மயிலாத்தா உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒயர் கூடை. கூடைக்குள் கம்பெனி அனுப்பிய காகிதங்கள். மூன்று மணிக்கு ஈரோட்டில் விசாரணை. துணைக்குச் செம்மலையைக் கூப்பிட வந்திருக்கிறாள். இவன் இங்கே இருக்கிறான் என்று ஊர் ஊராக விசாரித்துக் கண்டுபிடித்து வந்திருக்கிறாள்.

அவன் இறங்கிப் போகவில்லை. பாறைக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தான். ஐம்பத்திரண்டு வயசு ஆள்.

விஷயம் இதுதான். செம்மலை ஒரு ஷேர் மார்க்கெட் கம்பெனிக்கு ஆள் பிடித்துக் கொடுத்தவன். அவன் விற்றது ஷேர் கூட இல்லை, ஃப்யூச்சர்ஸ். பத்து ரூபாயைக் கட்டி நூறு ரூபாய் சாமானைப் பிடித்து ஆட்டுகிற வேலை. கொஞ்சம் ஏறினால் பத்து இருபதாகும். கொஞ்சம் இறங்கினால் பத்தும் போய், இன்னும் கொண்டா என்று போன் வரும்.

மயிலாத்தா பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்து ரிட்டயர் ஆனவள். வந்த பணத்தில் வீட்டுக்குச் சுவர் எழுப்பிவிட்டாள். கூரைக்கு வைத்திருந்த மிச்சம் செம்மலை மூலமாகக் கம்பெனிக்குப் போனது. ஒன்பதே நாளில் காணோம்.

விற்பதற்கு முன்னால் கம்பெனி போன் போட்டு, ஆபத்து புரிகிறதா என்று கேட்டு, பதிலைப் பதிவு செய்ய வேண்டும் என்று விதி. கேட்டார்கள். ஏழு கேள்வி, ஏழு ஆமா. அந்தப் பதிவைத்தான் இன்றைக்குப் போட்டுக் காட்டப் போகிறார்கள். உள்ளே இருந்த ஆள் ஒருத்தன் நடந்ததைச் சொன்னால் பணம் திரும்பும். இல்லாவிட்டால் கூரை போனது போனதுதான்.

தெய்வானை வைத்தியச்சி. செம்மலையைவிடப் பத்து வயசு சின்னவள். எட்டு மாசத்துக்கு முன்னால் உடம்பெல்லாம் அரிப்பு என்று அவளிடம் வந்தான். அரிப்பு போய்விட்டது. இவன் போகவில்லை. விறகு உடைத்தான், தண்ணீர் சுமந்தான், கேட்டவர்களிடமெல்லாம் சிஷ்யன் என்று சொல்லிக்கொண்டான். அவள் அதை ஒத்துக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

“எச்சரிக்கை எல்லாம் அச்சடிச்சே குடுத்தோமுங்க. பன்னெண்டு பக்கம்,” என்றான்.

“அந்தக்காவுக்குப் படிக்கத் தெரியுமாங்ண்ணா?”

“தமிழ் நல்லாப் படிப்பாங்க.”

“அது தமிழ்லயா இருந்துச்சு?”

செம்மலை விறகு எடுக்கப் போனான்.

திரும்பி வந்தபோது லாரிக்காரர் ஒருத்தர் முழங்காலைப் பிடித்தபடி படியேறி வந்திருந்தார். தெய்வானை ஒரு டப்பாவை எடுத்தாள்.

“சேராங்கொட்டை லேகியமுங்ண்ணா. பத்தியம் இருக்குது. புளி ஆகாது, சூடு ஆகாது. மீறுனா தோலு கொப்பளிச்சுரும். அப்படி ஆச்சுன்னா நிறுத்திப்போட்டு இங்க ஓடி வந்தரோணும். புரிஞ்சுதுங்களா?”

“புரிஞ்சுதுங்கம்மா. கொடுங்க.”

நீட்டின கையை மடக்கிக்கொண்டாள்.

“என்ன புரிஞ்சுது?”

“நீங்க சொன்னதுதானுங்க.”

“நான் என்ன சொன்னேன்?”

லாரிக்காரர் திருதிருவென்று முழித்தார். “வாத்தியாரு கேட்டப்பவே நான் திருப்பிச் சொன்னதில்லீங்க. சொல்லியிருந்தா எதுக்கு லாரி ஓட்டறேன்?”

“லாரிக்குப் பிரேக்கு மிதிக்கக் காலு வேணுமில்லீங்களா? சொல்லுங்க.”

அவர் கூரையைப் பார்த்து யோசித்தார். “புளிக்கொழம்பு கூடாது... சூடு கூடாது... அட, எனக்கு இஞ்சினுக்குப் பக்கத்துலயே உக்காந்து வேலைங்களே. அது ஆகுமுங்களா?”

“ஆகாது.”

“அப்ப இது எனக்கு வேண்டாமுங்க.”

“வேண்டாம்,” என்றாள் தெய்வானை. டப்பாவை உள்ளே வைத்துவிட்டு, தேய்க்கிறதுக்கு ஒரு தைலம் கொடுத்து அனுப்பினாள்.

செம்மலைக்குப் பொறுக்கவில்லை. “விலை கூட உள்ள சரக்குங்க. கொடுங்கன்னு அவரே கேட்டாரு. இப்படி விட்டுட்டீங்களே?”

தெய்வானை அவனைப் பார்த்தாள். காலையிலிருந்து இப்போதுதான் பார்க்கிறாள்.

“உக்காருங்கண்ணா. நாந்தான் மயிலாத்தா. எனக்கு வித்துக் காட்டுங்க.”

“இப்பவா?”

“எனக்கும் கொஞ்சம் பணம் இருக்குது.”

விளையாட்டா நிஜமா என்று தெரியவில்லை. தயங்கித் தயங்கி ஆரம்பித்தான். வெட்கக்கேடு என்னவென்றால், ஆரம்பித்ததும் நன்றாகவே வந்தது. முதுகு நிமிர்ந்தது. குரல் குழைந்தது. எட்டு மாசம் விறகு உடைத்த கை, இல்லாத பேனா ஒன்றைப் பிடித்துக்கொண்டது.

“அக்கா, இதுக்குப் பேரே ஃப்யூச்சருங்க. ஃப்யூச்சர்னா என்னங்க? எதிர்காலம். உங்க எதிர்காலத்துக்குப் போடற காசுங்கக்கா.”

தெய்வானை தலையாட்டினாள். “செரிங் தம்பி. ஏறலைன்னா?”

“ஏறுமுங்க. பக்கத்து ஊரு டைலர் காரே வாங்கிட்டாருங்க.”

“ஏறலைன்னா?”

“அங்க ஏசி ரூம்ல பத்துப் பேரு உக்காந்து உங்க காசை மட்டும் பாத்துட்டே இருக்கறாங்கக்கா.”

“பாக்கட்டும். ஏறலைன்னா என் கூரை என்னாகறது?”

செம்மலை அந்த இல்லாத பேனாவைக் கீழே வைத்தான்.

“சொல்லுங்கண்ணா. இதுக்கு என்ன சொன்னீங்க?”

“அவங்க இப்படிக் கேட்டாங்கன்னு நான் உங்ககிட்டச் சொல்லவே இல்லீங்களே.”

“என் கூரையா இருந்தா நான் கேப்பேன். அதான் கேட்டேன். அவங்க கேக்கலீங்களா?”

காது இரண்டும் சுட்டது. பாறைக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும் போலிருந்தது.

“கேட்டாங்க.”

“எத்தனை தடவை?”

“மூணு.”

“மூணாவதுக்கு?”

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“கேள்வியாக் கேட்டுட்டு இருந்தா உங்களைச் சேத்திக்கவே மாட்டாங்கக்கா, போன்ல எது கேட்டாலும் ஆமான்னு மட்டும் சொல்லுங்கன்னேன். போன் வந்தப்ப பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். ஒவ்வொரு கேள்விக்கும் என் மூஞ்சியைப் பாப்பாங்க. நான் தலையாட்டுனதுக்கு அப்பறந்தான் ஆமாம்பாங்க.”

கல்வத்தின் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று அவனுக்குத் தெரியவில்லை.

“ஈரோட்டு பஸ் எப்பங்ண்ணா?”

“பன்னெண்டேகாலுக்குங்க.”

“கூடப் போங்க. அவங்க கேட்ட மூணையும் அங்க சொல்லுங்க. நீங்க தலையாட்டுனதையும் சொல்லுங்க.”

“நான் சேத்திவிட்டது முப்பத்தொரு பேருங்கம்மா. ஒருத்தருக்குச் சொன்னா அத்தனை பேரும் வந்து நிப்பாங்க.”

“நிப்பாங்க.”

“என் மேலயே கேஸ் போடுவாங்க.”

“போடுவாங்க.”

“அவ்வளவுதானுங்களா? ஒரு விரதம், ஒரு மந்திரம், ஒண்ணுமே இல்லீங்களா?”

தெய்வானை குழவியை மறுபடி கையில் எடுத்தாள். “நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கண்ணா.”

சொன்னான். ஒரு வார்த்தை விடாமல் சொன்னான்.

அவள் அரைக்க ஆரம்பித்தாள்.

அவன் படி இறங்கினான். மயிலாத்தா அவனைக் கண்டதும் கூடையை இடுக்கிக்கொண்டு அவசரமாக எழுந்தாள்.

“வந்துட்டீங்களா தம்பி. உங்க மூஞ்சியில முழிக்கவே எனக்குக் கூச்சமா இருக்குதுங்க.”

செம்மலைக்குப் புரியவில்லை.

“போன்ல அந்தப் புள்ளை கேட்டப்ப நாந்தானுங்க செரியாக் காது குடுக்காம ஆமா ஆமான்னு சொல்லிப்போட்டேன். இப்ப என்னால உங்க பேரும் கெட்டுப்போச்சு. ஊருல நாலு பேரு உங்களை ஏசறப்ப எனக்குத்தான் சுருக்குனு இருக்குது. நாஞ் செஞ்ச தப்புக்கு அந்தத் தம்பி என்ன பண்ணும்னு சொல்லிச் சொல்லிப் பாக்கறேன், கேக்க மாட்டீங்கறாங்க.”

“அக்கா...”

“நீங்க அங்க ஒண்ணும் பேசோண்டாம். சும்மா பக்கத்துல உக்காந்தாப் போதும். ஆபீஸ்னாலே எனக்குக் கை நடுங்கும்.” வானத்தைப் பார்த்தாள். “இன்னைக்கும் கொட்டப்போவுது. நேத்து அடுப்பு பூராத் தண்ணி. காத்தால பக்கத்து வூட்டுல போய்தான் ஆக்குனேன்.”

ஆக்கினதில் இவனுக்கும் ஒரு பங்கு எடுத்து வந்திருந்தாள். இட்டிலிப் பொட்டலம். காலையில் சாப்பிட்டிருக்க மாட்டீங்க என்று கையில் வைத்தாள்.

வாங்கிக்கொண்டான்.

ரோடு வரைக்கும் நடந்தார்கள். அவள்தான் பேசிக்கொண்டு வந்தாள். சொல்ல வேண்டியது அவன் நாக்கில் தயாராக இருந்தது. அந்தப் புளியமரம் வந்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்தான். புளியமரம் வந்தது. பாலம் தாண்டினதும் என்று நினைத்தான். பாலத்தையும் தாண்டினார்கள்.

பஸ் வந்தது. கூட்டம். அவன் மயிலாத்தாவின் கையைப் பிடித்து ஏற்றிவிட்டான். ஜன்னல் ஓரமாக இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு இறங்கினான். எந்த ஸ்டாப்பில் இறக்க வேண்டும், அங்கிருந்து எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கண்டக்டரிடம் விவரமாகச் சொன்னான். டிக்கெட்டுக்குக் காசும் கொடுத்தான். எல்லாமே நன்றாகச் செய்தான்.

“நீங்க எங்கீங் தம்பி?” ஜன்னலிலிருந்து கேட்டாள்.

“பின்னாடி படியில வாறேனுங்கக்கா.”

“யோவ், வர்றியா, இல்ல பஸ்ஸைத் தள்ளிவிடப் போறியா?” என்றார் கண்டக்டர்.

செம்மலை பின்பக்கமாக நாலு எட்டு நடந்தான். படிக்குப் பக்கத்தில் போனான். விசில் கேட்டது.

பஸ் நகர்ந்தபோது கீழே நின்றபடி ஜன்னல் வழியாகப் பார்த்தான். மயிலாத்தா பக்கத்து சீட்டில் கூடையை வைத்து இடம் போட்டிருந்தாள். யாரோ ஒருத்தர் உட்கார வர, ஆள் வருது என்று கை காட்டிக்கொண்டிருந்தாள்.

கூடப் போங்க என்றுதான் தெய்வானை சொல்லியிருந்தாள்.

செம்மலை போகவில்லை.